ஈசானி மூலைக்கு அம்பது ரூவா

குலவை போட மட்டும் கூப்பிட்டுவிட்டாரு தவமணி.
நடவுக்கு இல்ல.
மூணு ஏக்கர் அறுபது சென்ட்டு,
தென்கரைக் கண்மாய்ப் பாசனம்,
இருபத்திரண்டு வருசமா எங்க ஆளுக நட்ட வயலு.

"ஈசானி மூலையில ஒரு முடி வச்சுக் குலவையப் போட்டுரு ஒச்சம்மா,
மிச்சத்த வங்காளத்துப் பயலுக பாத்துக்குவாய்ங்க.
கைராசி ஒனக்கு,
கைவேகம் அவெய்ங்களுக்கு."

ராசிக்கு அம்பது ரூவா.
வேகத்துக்கு, ஏக்கருக்கு நாலாயிரத்து ஐநூறு.
வரப்புல நின்னு கணக்குப் போட்டுப் பாத்தேன்.
கணக்குல ஒரு தப்பும் இல்ல.
அதான் எரிச்சலு.

பதினோரு பேரு.
பூட்டிக் கெடக்குற ரைஸ் மில்லுல தங்கலு.
உமி கொட்டுன எடத்துல அடுப்பு,
எடைமேடை மேல ஈரக் கைலி.
காலச் சாப்பாடு பொரி,
ஆயுத பூசைக்கு மட்டும் நாம வாங்குற அதே பொரி,
பச்ச மொளகா கடிச்சுக்கிட்டு.
அவெய்ங்களுக்காகக் கடுகெண்ண வாங்கி வச்சிருக்காக மளிகைக் கடையில.
எனக்குப் பழைய பாக்கி அறுநூறு கேக்குற கடை.

குனிஞ்சா நிமிர மாட்டாய்ங்க.
விரலு சேத்துக்குள்ள போறது தெரியாது,
பச்ச மட்டும் எந்திரிச்சு நிக்கும்.
நாங்க நட்டா
ரெண்டு தடவ டீ, வெத்தல,
மருமக மேல பிராது, மாமியா மேல பிராது,
வயலுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து முடியும்.
இவெய்ங்க பேசாம நடுறாய்ங்க.
கயிறு போன எடமெல்லாம் நேரு.
வரப்பு வளையிற மூலையில கயிறு எட்டல,
அங்கன அரையடிக்குச் சொட்ட.
அந்தச் சொட்டையப் பாத்து நான் சந்தோசப்பட்டேன்.
இத யாருகிட்டயும் சொன்னதில்ல.

மத்தியானம் மோட்டார் ரூம் நெழலுல
ஹாராதன்னு ஒரு பய,
மீச சரியா மொளைக்கல,
செல்லக் கையில வச்சுக் குந்தியிருந்தான்.
அதுக்குள்ள இருந்து குலவைச் சத்தம்.
காலையில நான் போட்டதப் படம் புடிச்சுட்டான்னு
சண்டைக்குத்தான் போனேன்.

படத்துல நான் இல்ல.
மஞ்ச பூசி ஒரு புள்ள,
சுத்தி நின்னு பொம்பளைக,
எங்க நாக்கு மாதிரியே அவுக நாக்கும்.
"போன், போன்"ங்கிறான்.
போன்னு தெரியாதா, எங்கிட்டயும் இருக்குடான்னேன்.
மேஸ்திரிதான் சிரிச்சான்:
"அவென் பாசையில போன்னா தங்கச்சி, அத்தாச்சி."

ஆடி மாசத்துலயா கல்யாணம்?
அவுக ஊருல உண்டாம்.
போகலையா நீயி?
அட்வான்சு கழியல.
மேஸ்திரி அத என்னப் பாக்காமச் சொன்னான்.

சிக்னலு நின்னுபோச்சு.
அந்தப் புள்ள கன்னத்துல யாரோ ஒரு கை,
மஞ்சளோட அப்பிடியே நிக்குது.
சுத்தி அத்தன வாயும் தெறந்தபடி, சத்தமில்லாம.
செல்லத் தட்டுறான், தூக்குறான்,
மோட்டார் ரூம் மொட்டமாடியில ஏறி நிக்கிறான்.
எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.
போடல.
அம்பது ரூவாக்கு ஒண்ணுதான்.

பொழுது சாஞ்சு, ஆளுக போன பெறகு,
சொட்ட விழுந்த மூலையில
மிஞ்சிக் கெடந்த நாத்த நானே ஊனிட்டு வந்தேன்.
தவமணிக்காக இல்ல.
வெறும் தண்ணி நிக்குறதப் பாக்க முடியல.

மறுநா நாலு மணிக்கு எங்க வண்டி.
ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி எடுக்க,
லோடு ஆட்டோவுல பதினேழு பொம்பளைக நின்னுக்கிட்டு.
அங்கன உள்ளூருக்காரிக
காட்டு ஓரத்துல கைகட்டி நிப்பாளுக,
"மதுரைக்காரிக சல்லிசா வந்துட்டாளுக"ன்னு
நம்ம காதுல விழுற மாதிரியே பேசுவாளுக.
போன வருசம் நான் திருப்பி ஏசுனேன்.

மில்லத் தாண்டுறப்ப
இருட்டுக்குள்ள ஒருத்தன் பல்லு வெளக்கிக்கிட்டு நின்னான்.
அவனா, வேற பயலான்னு தெரியல.

போட்டுட்டேன் குலவைய.
டிரைவரு பிரேக்க அமுத்துனான்,
கூட வந்தவளுக ஒருத்தி மேல ஒருத்தி விழுந்தாளுக.
"என்னத்தா, என்னாச்சு?"

ஒண்ணுமில்ல. நீ போ.